படம் வந்த பிறகுதான் போனாள்

இல்லை. மாடத்தியை யாரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. எங்கள் தெரு தேவகனி தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டுச் சொல்லட்டும், கோயில் கொடைத் திருவிழாவில் மைக்கைப் பிடித்துச் சொல்லட்டும், நடந்தது மாறப்போவதில்லை. தனராஜ் அண்ணாச்சி கடை வாசலை அவள் தன் சொந்தக் காலால் தாண்டினாள். தாண்டுவதற்கு முன்னால் செருப்பைச் சாவதானமாக மாட்டிக்கொண்டாள். துரத்தப்பட்டவள் செருப்பு வாரை நின்று மாட்டுவாளா? நீங்களே சொல்லுங்கள்.

"நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்லா" என்கிறாள் தேவகனி. பார்த்தாள், யார் இல்லை என்றது? மீன் கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸுக்கு எதிர்ச்சாரியில் நின்றாள். அவள் கண்டது மூன்று காரியம். மாடத்தி கையில் அறுந்த வயர் இருந்தது. அவள் கண் சிவந்திருந்தது. பின்னாலேயே அண்ணாச்சி படிவரை வந்து சத்தம் போட்டார். இந்த மூன்றையும் கூட்டிப் பிசைந்து ஒரு கதை செய்துவிட்டாள். கடைக் கம்ப்யூட்டரில் என்னத்தையோ ஏற்றிக் கெடுத்தாளாம். போகிற போக்கில் வயரைத் திருடினாளாம். அண்ணாச்சி அடித்துத் துரத்தினாராம். அத்தோடு விட்டாளா? "வாழப்போன இடத்தையும் கெடுத்தா, பிழைக்கப்போன இடத்தையும் கெடுத்தா. அவ கை பட்டா எதுதான் விளங்கும்?" என்று ஒரு வாலையும் ஒட்டவைத்தாள்.

அந்த வால்தான் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. மில்லர்புரத்தில் ஒற்றை அறை எடுத்து, போர்டு மாட்டி, மாடத்தி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். எங்கள் மாப்பிள்ளையூரணியில் இருந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வாசலில் நின்று ஒருமுறை யோசிக்கிறார்கள். யோசிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கதை. முழுசாகக் கேட்டுவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

அவள் முழுப்பெயர் சுடலைமாடத்தி. சுடுகாட்டைக் காக்கிற குலதெய்வம் பேரை வைத்தாக வேண்டும் என்று அவள் அப்பா ஒற்றைக்காலில் நின்று வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். அவள் ஐந்தாவது ஆளாகச் சிரித்துவிட்டு உட்காருவாள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை முடுக்கினால் இரண்டு வழி காட்டும். ஒன்று எல்லாரும் போகிற விண்டோஸ். இன்னொன்று ஒருவரும் போகாத லினக்ஸ். "அதைத் தொடாதே, கெட்டுப்போகும்" என்று வகுப்பே சொன்னது. மாடத்தி அதைத்தான் முதலில் தொட்டாள். கெட்டது, உண்மை. கெட்டதை அவளே தட்டித் தடவி நிமிர்த்தினாள். அதில் பிடித்த பைத்தியம். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அம்மை வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் பெட்டியில் சேலைக்கு நடுவே அந்த லேப்டாப் இருந்தது.

தனராஜ் அண்ணாச்சி கடை படகுக்கும் கப்பலுக்கும் சாமான் விற்கிற கடை. கயிறு, பெயின்ட், போல்ட், விளக்கு, இன்ஜின் ஆயில். மாடத்தி அங்கே முதல் கவுண்டரில் பில் போட்டாள். இரண்டாவது கவுண்டரில் ஜெயபிரியா. அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. காலையில் வேலைக்காரர்களுக்கும் சேர்த்து டீ சொல்லுகிறவர்தான். ஆனால் கடைக்குள் நடக்கிற நல்லது எல்லாம் தன்னால் நடந்தது, கெட்டது எல்லாம் அடுத்தவரால் நடந்தது என்று ஒரு நினைப்பு அவருக்கு உண்டு.

அந்த மார்கழி வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. யாரோ சமயோசிதமாக இரண்டு சிபியுவையும் தூக்கி ரேக்கின் உச்சியில் வைத்ததால் அவை பிழைத்தன. மானிட்டர்கள் சுவரில் இருந்ததால் அவையும் தப்பின. தண்ணீர் வடிந்த அன்றே அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார்: இனிமேல் சிபியு தரையில் இருக்கக் கூடாது, பரணில்தான். கடைத்தெரு முழுக்க அந்த வருஷம் அப்படித்தான் எல்லாம் மேலே ஏறின. பரண் மேலே, மானிட்டர் கீழே. நடுவில் வயர் வேண்டுமே. கீபோர்டுக்கும் மவுசுக்கும் நீள வயர் கிடைத்தது. மானிட்டருக்கு அந்த நீளத்தில் ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்போது ஜோன்ஸ் வந்தார்.

ஜோன்ஸ் படகு எலக்ட்ரீசியன். மீன்பிடித் துறைமுகத்தில் அவர் கை படாத விசைப்படகு குறைவு. வெள்ளத்தன்று வள்ளத்தைக் கொண்டுவந்து தெருத்தெருவாக ஆட்களை ஏற்றியவர். மாடத்தியின் அம்மையைக் குழந்தை மாதிரித் தூக்கி வள்ளத்தில் உட்காரவைத்தவரும் அவர்தான். அவர் இருந்த குட்டை வயரை வெட்டி, நடுவில் நீளம் சேர்த்து ஒட்டி, பைப்புக்குள் விட்டு, சுவரோடு ஆணியடித்துக் கொடுத்தார். இரண்டு கவுண்டரிலும் படம் பளிச்சென்று வந்தது. "கடல்ல கிடந்தாலும் இது போவாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையிலேயே போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தது.

பிறகு மிஷினில் இருந்த பழைய விண்டோஸுக்கு வயதாகிவிட்டது. பில் போடுகிற இணையப் பக்கம் அதில் திறக்க அடம்பிடித்தது. அண்ணாச்சி புது மிஷின் வாங்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது மாடத்தி வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, புதுசு எதுக்கு? நான் லினக்ஸ் ஏத்தித் தாரேன். இதே மிஷின் ஓடும்."

"அது என்னளா லினக்சு? கப்பல் பேரு மாதிரில்லா இருக்கு."

"விண்டோஸ் இருக்குல்லா, அந்த வேலைய இது பாக்கும். நம்ம பில்லு இப்ப பிரவுசர்லதான ஓடுது. அதுக்கு இது தாராளம்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"என் பொறுப்பு."

அந்த ஒரு சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் அம்மை சொன்னாள். சொல்லாமல் இருந்தால் அவள் மாடத்தி இல்லையே.

முதலில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று தன் கவுண்டர் மிஷினைத்தான் எடுத்தாள். பரணில் குனிந்துகொண்டு வேலை பார்க்க முடியாது, வெக்கை வேறு. அதனால் சிபியுவைக் கீழே இறக்கி, உள் அறையில் கணக்குப் பார்க்கிற மேஜையில் வெள்ளத்துக்குப் பிறகு வைத்த மானிட்டரில், அதன் குட்டை வயரில் மாட்டினாள். பென்டிரைவைச் சொருகினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் லினக்ஸ் ஏறிவிட்டது. படம் கண்ணாடி மாதிரி. ஜெயபிரியா எட்டிப் பார்த்துவிட்டு, "எக்கா, புது மிஷின் மாதிரில்லா ஓடுது! என்னுதையும் மாத்திருங்க" என்றாள். அண்ணாச்சியும் வந்து பார்த்தார். அன்றைக்கு டீயோடு வடையும் வந்தது.

மிஷின் பரணுக்கு ஏறியது. ஜோன்ஸின் நீள வயரை மாட்டி முடுக்கினாள். கம்பெனி முத்திரை வந்தது. எழுத்து ஓடியது. அப்புறம் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு சின்னக் கட்டம் மட்டும் 'நோ சிக்னல்' என்று எழுதிக்கொண்டு அங்கும் இங்கும் மிதந்தது.

ஏதோ சரியாகச் செருகவில்லை என்று நினைத்தாள். அமுக்கிச் செருகினாள். இருட்டு. மிஷினை இறக்கி உள் அறையில் மாட்டினாள். படம் வந்தது! மறுபடி ஏற்றினாள். இருட்டு. ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

இந்த ஊரில் எது நின்றாலும் முதலில் உப்புக் காற்றைத்தான் சொல்லுவோம். அவளும் அதைத்தான் நினைத்தாள். வயரின் முனையில் இருந்த குச்சிகளைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தாள். பலன் இல்லை. லினக்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். கீழே வந்தது, மேலே போனது. மிஷின் கண் திறக்கும்போது படத்தை எளிய முறையில் காட்டச் சொல்லி ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுத்தாள். படம் வந்தது. வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! எழுத்தெல்லாம் பக்கவாட்டில் வீங்கி, பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய், பில்லின் மொத்தத் தொகையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"எக்கா, இது மானிட்டரா, கல்யாண வீட்டுப் பிளெக்ஸ் போர்டா?" என்றாள் ஜெயபிரியா.

சிரித்தது அவள் ஒருத்திதான். படகுகள் கரைக்கு வந்துவிட்டன. கவுண்டரில் கூட்டம். ஒரு கவுண்டர் இருட்டாகக் கிடக்க, மறு கவுண்டரில் ஜெயபிரியா தனியாகத் திணறினாள். அண்ணாச்சி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கயிற்றில் கட்டிப் பரணில் தொங்கவிட்டார்.

"கீழ ஓடுது, மேல ஓடலன்னா பரண்லதான் ஏதோ இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, இவங்க பேரு சுடலைமாடத்தி. இவங்களப் பாத்தும் பயப்படாம அங்கன ஒண்ணு உக்காந்திருக்குன்னா அது பெரிய பேயாத்தான் இருக்கணும்" என்றாள் ஜெயபிரியா.

மாடத்திக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. வயரில்தான் கோளாறோ? ஜெயபிரியாவின் பழைய விண்டோஸ் மிஷினை எடுத்து, தன் கவுண்டருக்கு வருகிற அதே நீள வயரில் மாட்டினாள். இரண்டு கவுண்டரிலும் மானிட்டர் ஒரே கம்பெனி, ஒரே அளவு. முடுக்கியதும் படம் ஜம்மென்று வந்து நின்றது.

அதுதான் அவளுக்கு விழுந்த பெரிய அடி. வயர் நல்ல வயர். மானிட்டர் நல்ல மானிட்டர். பழையது ஓடுகிறது, இவள் ஏற்றியது ஓடவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கடை நிறைய ஆள் நிற்கையில் அண்ணாச்சி சொல்லிவிட்டார்:

"பாத்தியளா? நல்லா ஓடிக்கிட்டுக் கிடந்த மிஷினு. இவ கை பட்டதுலேருந்துதான் இப்படி."

கை. அந்தச் சொல் அவளுக்குப் புதிது இல்லை. புகுந்த வீட்டில் பால் திரிந்தால், ஆடு செத்தால், மாமனார் வழுக்கி விழுந்தால் அதே சொல்தான். அங்கே அவள் பதில் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பதில் சொல்லாமல் வந்ததாலேயே அந்தச் சொல் அவள் பின்னாலேயே பஸ் ஏறி மாப்பிள்ளையூரணிக்கு வந்துவிட்டது. இங்கேயும் அப்படியே போய்விட்டால் சாகும்வரை அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். அது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்தது.

"அண்ணாச்சி, சனிக்கிழமைக்குள்ள படம் வரும்" என்றாள். "வரலன்னா நானே போயிருதேன், நீங்க போகச் சொல்ல வேண்டாம். ஆனா வந்துட்டா, 'மாடத்தி கெடுக்கல'ன்னு இதே இடத்துல நின்னு, ஆளுக கேக்கச் சொல்லணும். சொல்லுவியளா?"

"வரட்டும். சொல்லாம என்ன? மைக் செட் வச்சே சொல்லுதேன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் அண்ணாச்சி ஒத்துக்கொண்டதும் ஒன்றாகவே வெளியே போயின. சாயங்காலம் தேவகனி தெருவில் நின்று கேட்டாள்: "என்னளா மாடத்தி, கடைய இருட்டாக்கிட்டியாம?"

"ஒரு கவுண்டர்தான் மதினி. கடையில டியூப் லைட்டு நல்லா எரியுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே போய் அழுதாளா என்றால், இல்லை. கறிவேப்பிலையை உருவினாள். உருவிய வேகத்தைப் பார்த்து அம்மை அடுத்த கொத்தையும் எடுத்து முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமையும் வந்துவிட்டது. காலையில் அவள் கவுண்டரில் நின்று பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை தடவை மிஷினைத்தான் கீழே இறக்கினோம். மானிட்டரை மேலே ஏற்றவே இல்லையே. உள் அறை மானிட்டரையும் அதன் குட்டை வயரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஜெயபிரியா கீழே ஏணியைப் பிடித்தாள். பரணில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், கயிற்றுச் சுருளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து மாட்டினாள்.

படம் வந்தது.

"ஏ ஜெயா! பேய் ஓடிட்டுளா!"

"எங்க போச்சு எக்கா?"

"அதான் தெரியணும்."

பரணும் தப்பு செய்யவில்லை, லினக்ஸும் செய்யவில்லை. அப்படியானால் மிச்சம் நிற்பது அந்த நீள வயர். ஆனால் பழைய மிஷின் அதே வயரில் ஓடியதே? அங்கேயே உட்கார்ந்து, இருட்டாகக் கிடந்த சமயத்தில் மிஷின் தனக்குள் எழுதிவைத்திருந்ததைத் திறந்து வாசித்தாள். அதில் ஒரு வரி அவளைப் பிடித்து நிறுத்தியது. மானிட்டரே மாட்டவில்லை என்று மிஷின் எழுதியிருந்தது. வயரை இரண்டு பக்கமும் திருகி இறுக்கி மாட்டியிருக்கிறாள், அது மாட்டவில்லை என்கிறது!

செல்போனில் தேடி வாசித்து, வாசித்ததை யோசித்து, அவளுக்கு விளங்கியது இதுதான். அந்த ஒரு வயருக்குள் பல நரம்புகள். சில நரம்பு படத்தைக் கொண்டுபோகும். வேறு சில மெல்லிய நரம்பு இருக்கிறது, அது மிஷின் "நீ யார், உன் அகலம் உயரம் என்ன?" என்று கேட்பதையும், மானிட்டர் சொல்லுகிற பதிலையும் கொண்டுபோகும். விண்டோஸ் இருந்த மிஷினுக்கு அந்த மானிட்டர் பழக்கம். வெள்ளத்துக்கு முன்னால் முழு வயரில் மாட்டியிருந்த காலத்தில் கேட்டு வாங்கிய அளவை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியது. லினக்ஸ் இந்தக் கவுண்டருக்குப் புதிது. அது முடுக்கும்போதெல்லாம் கேட்டது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் ஆளே இல்லை என்று முடிவு செய்தது.

இறங்கி வந்து பைப்பின் மூடியை நெம்பினாள். ஜோன்ஸ் போட்ட ஒட்டு தெரிந்தது. டேப்பைப் பிரித்தாள். அழகான வேலை. தடித்த நரம்பு எல்லாம் முறுக்கி, ஈயம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. சில மெல்லிய நரம்புகள் மட்டும் சேர்க்கப்படாமல், ஒட்ட நறுக்கி, மடித்து, டேப் சுற்றி மூடப்பட்டிருந்தன. படகில் அப்படித்தான் செய்வார்கள். வேலையில்லாத நரம்பை நீட்டி விட்டால் அதன் செம்பு வழியாகவே உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி மற்றதையும் தின்றுவிடும். ஜோன்ஸ் ஒவ்வொரு நரம்பாகச் சேர்த்து மானிட்டரைப் பார்த்திருக்கிறார். படம் முழுசாக வந்ததும், மிச்சத்தைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரு மாற்றமும் தெரியாததால், வேலையில்லாதது என்று நறுக்கிவிட்டார். படகுக்கு அது சரியான வேலை.

இனி அவள் என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் மாடத்தி யார் என்று பார்க்க வேண்டும்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. "கேட்காதே, மானிட்டர் இருக்கிறது, அளவு இது" என்று மிஷினுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். படம் வந்துவிடும். அவளுக்கு அது கொஞ்ச நேர வேலை. ஆனால் அப்போது லினக்ஸில்தான் கோளாறு இருந்தது, கெடுத்தவளே திருத்தினாள் என்று ஆகிவிடும். இன்னொரு வழி, அந்த ஒட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கவுண்டரில் நின்று, "பாருங்க, இது ஜோன்ஸ் செய்த கோளாறு" என்று கூவுவது. தன் பேர் வெளுத்துவிடும், அம்மையைத் தண்ணீரில் இருந்து தூக்கியவர் பேர் அழுக்காகும். முதல் வழியில் போக அவளுக்கு மனம் இல்லை. இரண்டாவது வழியில் போக வாய் இல்லை. ஜெயபிரியாவிடம் கவுண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தாள்.

ஜோன்ஸ் ஒரு விசைப்படகின் வீல் ஹவுஸுக்குள், படகு ஓட்டுகிற அறைக்குள், முகம் முழுக்க வியர்வையோடு உட்கார்ந்திருந்தார். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"படம் வந்துச்சா இல்லையா? ஒரு வருசத்துக்கு மேல வந்துச்சுல்லா? இப்ப நீ என்னத்தையோ ஏத்திட்டு ஜோன்ஸ் ஜாயின்ட்டு சரியில்லங்கியா?"

"அண்ணே, நான் கடையில ஒரு ஆள்கிட்டயும் சொல்லல. நேரா உங்ககிட்டதான் வந்தேன்."

"வெள்ளத்துல உங்கம்மையத் தூக்குன கை இது, தெரியும்லா?"

"அந்தக் கையக் கும்பிடுதேன் அண்ணே. ஜாயின்ட்டப் பத்தித்தான் கேக்க வந்தேன்."

படகில் நின்ற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜோன்ஸ் ஸ்பானரைக் கீழே வைத்தார். மாடத்தி சுற்றும் முற்றும் பார்த்தாள். அவர் தலைக்கு மேலே வயர்லெஸ் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வெளிய கப்பல் வந்து நிக்கி. துறைமுகத்துலேருந்து வயர்லெஸ்ல நீ யாருன்னு கேக்காங்க. கப்பல் பதில் சொல்லல. உள்ள விடுவாங்களா?"

"எப்படி விடுவான்? பேரு சொல்லாம ஒருத்தன் எந்தத் தளத்துல போய்க் கட்டுவான்?"

"கப்பல்ல சரக்கு இருக்கு, இன்ஜின் ஓடுது, எல்லாம் சரியா இருக்கு. வயர்லெஸ் மட்டும் இல்ல."

ஜோன்ஸ் வயர்லெஸ்ஸைப் பார்த்தார். செல்போன் படத்தைப் பார்த்தார். விரலால் அதைப் பெரிதாக்கி, தான் நறுக்கி மடித்த நரம்புகளை ஒன்றொன்றாகப் பார்த்தார்.

"மாதாவே" என்றார் கடைசியில். "வயர்லெஸ்ஸையா வெட்டிப் போட்டேன்?" பிறகு கைலியை இறக்கிவிட்டு எழுந்தார். "நட. இப்பவே போவோம்."

சனிக்கிழமை மத்தியானம். கடையில் கூட்டம் கலையவில்லை. ஜோன்ஸ் பைப்பைத் திறந்து பழைய ஒட்டை அப்படியே வெட்டி எடுத்தார். மாடத்தி எந்தக் குச்சிக்கு எந்த நரம்பு என்று சொல்லச் சொல்ல, அவர் ஒன்றையும் விடாமல் சேர்த்து ஈயம் வைத்தார். கடைசி நரம்பும் சேர்ந்தது. மாடத்தி முடுக்கினாள். முத்திரை வந்தது. எழுத்து ஓடியது. திரை ஒரு கணம் இருண்டது. ஜெயபிரியா உதட்டைக் கடித்தாள். படம் வந்தது. அகலம் அகலமாக, உயரம் உயரமாக, பில்லின் மொத்தத் தொகை அதன் இடத்தில். தொங்கின எலுமிச்சம்பழத்தை ஜெயபிரியா அறுத்து எடுத்து, "ஜூஸுக்கு ஆகும்" என்றாள்.

அதோடு விடவில்லை மாடத்தி. ஜெயபிரியாவின் மிஷினையும் இறக்கி லினக்ஸ் ஏற்றினாள். அந்த வயரையும் ஜோன்ஸ் பிரித்துச் சேர்த்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு கவுண்டரும் ஓடின. இப்போது அண்ணாச்சி சொல்ல வேண்டிய நேரம். மாடத்தி கவுண்டரை விட்டு நகராமல் காத்திருந்தாள்.

ஒரு படகு முதலாளி உள்ளே வந்தார். "என்ன தனராஜ், மிஷின் வேலை செய்யுது போல?"

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "நம்ம ஜோன்ஸ வரச்சொன்னேன். வந்தான், தொட்டான், சரியாப் போச்சு. இந்தப் பிள்ளைதான் நாலு நாளா ஏணியில ஏறி ஏறி இறங்குச்சு."

ஈயக்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜோன்ஸ் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க. நீங்க எங்க என்னைய வரச்சொன்னிய? அவ வந்து கூப்பிட்டா. அதில கோளாறு பண்ணுனது நான். வேலையில்லன்னு நினைச்சு நரம்ப நறுக்குனவன் நான். கண்டுபிடிச்சது மாடத்தி. நான் ஈயம்தான் வச்சேன்."

அண்ணாச்சி சிரித்தார். "சரிப்பா, யாரு பண்ணுனா என்ன? படம் வந்துட்டு. அவ்வளவுதான?"

"அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. "நீங்க ஒண்ணு சொல்லுதேன்னு சொன்னிய."

"என்னத்த?"

"மாடத்தி கெடுக்கலன்னு."

"அதான் ஜோன்ஸ் சொல்லிட்டான்லா."

"அவரு சொல்லுவேன்னு எனக்கு வாக்குத் தரல. நீங்கதான் தந்திய."

"ஏளா, சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன? போய் பில்லப் போடு, ஆளு நிக்குது."

அவள் பில்லைப் போட்டாள். சத்தியமாகப் போட்டாள். நின்ற ஆட்கள் அத்தனை பேருக்கும் போட்டு முடித்தாள். கடைசி ஆளுக்குப் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கவுண்டர் சாவியை மேஜையில் வைத்தாள். மிஷினை எப்படி அணைக்க வேண்டும், எப்படி முடுக்க வேண்டும் என்று ஜெயபிரியாவுக்கு ஒருமுறை காட்டினாள். ஜெயபிரியா மூக்கை உறிஞ்சினாள்.

"எக்கா, போவாதிய. படம்தான் வந்துட்டுல்லா."

"வந்துட்டு. அதனாலதான் போறேன். படம் வராம நான் போயிருந்தா ஓடிப்போனதா ஆயிருக்கும்."

படி அருகில் ஜோன்ஸ் நின்றார். வெட்டி எடுத்த பழைய ஒட்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வயரோடு அவர் கையில் இருந்தது. அவள் கையில் அதைத் திணித்தார்.

"இத வச்சுக்கோ. எவனாவது எவளாவது உன் கையச் சொன்னா இதக் காட்டு. ஜோன்ஸ் நறுக்குனதுன்னு என் பேரச் சொல்லு. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

வெள்ளத்தன்றுகூட அழாதவளுக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. அதைத்தான் தேவகனி எதிர்ச்சாரியில் இருந்து சிவந்த கண் என்று பார்த்தாள்.

மாடத்தி செருப்பு வாரை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அண்ணாச்சி படிவரை ஓடி வந்தார்.

"ஏளா மாடத்தி! நாளைக்கு அந்த மிஷினுல ஏதாவது ஆச்சுன்னா நான் யாரளா கூப்பிடுவேன்?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

அவர் போட்ட சத்தம் இதுதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வயர்த்துண்டு கையில் ஆட, பஸ் வருகிற பக்கம் நடந்தாள்.